ஒட்டகத்தை மட்டும் விசாரித்தவர்

என் கணவர் பாசனின் அண்ணன் தம்தின் கெட்ட வார்த்தை பேச மாட்டார். திட்டுகிற வார்த்தைகளைச் சொல்லவில்லை. அதெல்லாம் வண்டி நின்றுபோனால் அருவி மாதிரி கொட்டும். நான் சொல்வது சாவு, விபத்து, வியாதி, காணாமல் போவது. இந்தச் சொற்கள் மட்டும் அவர் வாயிலிருந்து வராது. சொன்னால் நடந்துவிடுமாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான், ஆனால் எங்கள் மச்சானுக்குக் கொஞ்சம் என்பதெல்லாம் கிடையாது. தன் மாமனார் இறந்துபோன சேதியை எனக்குச் சொல்ல வந்தவர், ஒரு கெட்டில் டீயைக் காலி செய்து, ஆட்டைப் பற்றியும் புல்லைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து போய்விட்டார். யாருக்கு என்ன ஆயிற்று என்பதை நானாக ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்ட ஆளோடுதான் நான் பாசனைத் தேடிக் கோபிப் பாலைக்குள் போனேன்.

எங்கள் மூத்த பெண் ஒட்டகம் நிறைசினை. பிரசவம் நெருங்கியதும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதல் கன்றை எங்கே போட்டதோ அங்கேதான் போகும். அது உலான் கிணற்றுப் பக்கம், முன்பு நாங்கள் கூடாரம் போட்டிருந்த இடம். பாசன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினார். இருட்டுவதற்குள் திரும்பி விடுவேன் என்றார். மதியத்துக்கு மேல் புழுதிப்புயல் அடித்தது. கூடாரத்தின் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். புயல் ஓய்ந்தது. அவர் வரவில்லை. விடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வெளுத்ததும் மச்சானின் கூடாரத்துக்கு ஓடினேன்.

"மச்சான், அவரு வரல."

"யாரு?"

"உங்க தம்பி. வேற யாரு எனக்கு வரணும்?"

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒட்டகம் கன்னு போட்டிருக்கும். பச்சக் கன்ன விட்டுட்டு எப்பிடி வருவான்? வா, நாமளும் ஒரு எட்டுப் போயி ஒட்டகத்தப் பாத்துட்டு வருவோம்."

ஒட்டகத்தைப் பார்க்கப் போகிறவர் தண்ணீர்க் கேன்களை ஏற்றினார், சரி. பெட்ரோல் டப்பாவை ஏற்றினார், அதுவும் சரி. அப்புறம் கூடாரத்துக்குள் போய்த் தன் கட்டிலிலிருந்து நீளமான பலகை ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு?"

"மணல்ல மாட்டிக்கிட்டா சக்கரத்துக்கு அடியில குடுக்க."

சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டைப் பலகைகள் வண்டிக்குள் ஏற்கெனவே கிடந்தன. இந்தப் பலகை ஒரு ஆள் படுக்கிற நீளம்.

மச்சானுடையது சாம்பல் நிற ரஷ்ய வேன். எஞ்சின் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் அதன்மேல் கையை வைத்துக் காயலாம். மற்ற காலத்தில் முழங்கால் வெந்துபோகும். அதன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஸ்டியரிங்கை அரைச் சுற்றுச் சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதியே போகும். அதைப் பழக்க தோஷத்தில் மச்சான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே ஓட்டுவார்.

பாதை என்று ஒன்றா இருக்கிறது? மற்ற நாளில் சக்கரத்தடங்கள் பத்துப் பதினைந்தாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று பள்ளமானால் ஓட்டுகிறவன் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்வான். அன்று புயல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. சரளைக்கல் தரை, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே மாதிரி. மச்சான் தூரத்து மலைகளின் வளைவைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் ஒவ்வொரு கரும்புள்ளியையும் பார்த்தேன். கிட்டப் போனால் எல்லாம் கல்லாக இருந்தது. ஒன்று செத்த ஆடு. மச்சான் அதைப் பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எப்ப போய்ச் சேருவோம் மச்சான்?"

வண்டியை நிறுத்தியேவிட்டார். "உனக்கு அறிவு இருக்கா? வண்டில ஒக்காந்துக்கிட்டு இதக் கேப்பாங்களா யாராச்சும்? இப்பக் கேட்டுட்டல்ல, இனி டயரு வெடிக்கும் பாரு."

"வெடிக்கும்னு இப்ப நீங்கதான சொன்னீங்க? அது கணக்குல வராதா?"

அவர் கண்ணாடியை இறக்கி வெளியே மூன்று தடவை துப்பினார். வண்டி மறுபடி ஓடியது.

கணவாயில் ஏறும்போது எஞ்சின் கொதித்துவிட்டது. இரண்டாவது கியரில் அது முனகுகிற முனகலைக் கேட்டாலே, இறங்கித் தள்ளலாம்போல இருக்கும். உச்சியில் நீலத்துணி சுற்றிய கற்குவியல் இருக்கிறது. யாராக இருந்தாலும் நின்று, இறங்கி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மச்சான் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி வைத்து, மெல்ல மெல்லச் சுற்றினார். நான் ஓடியே சுற்றி முடித்தேன். தெய்வத்துக்கு அவசரம் புரியாதா என்ன?

அந்த மேட்டில் மட்டும் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். பாசனின் எண்ணைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே இனிமை. அவளை நேரில் பார்த்தால் அறைந்திருப்பேன்.

கணவாய்க்குக் கீழே தடம் இரண்டாகப் பிரிகிறது. மேட்டின் மேலாகச் சுற்றிப் போகிற தடம் ஒன்று. வறண்ட ஆற்றுக்குள் இறங்கி நேராகப் போகிற குறுக்குத்தடம் இன்னொன்று. ஆற்றின் கரைகள் போன கோடை வெள்ளத்தில் அரிக்கப்பட்டுச் செங்குத்தாக நிற்கின்றன.

"ஆத்து வழியா போங்க மச்சான்."

"எதுக்கு?"

"அவரு இதுலதான் போயிருப்பாரு. சுத்திப் போறதுன்னா அவருக்குச் சோம்பேறித்தனம். கல்யாணத்துக்கே குறுக்கு வழில வந்து சேத்தோட நின்ன ஆளு."

"புயல் வர்ற நாள்ல எவனாச்சும் ஆத்துக்குள்ள எறங்குவானா? கரை இடிஞ்சு கெடக்கு. உன் கருநாக்க வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அவர் மேட்டுத்தடத்தில் ஏற்றினார். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து கீழே ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். கரைக்குக் கரை நிழலும், சாக் என்கிற பாலைவனப் புதர்களும்தான் தெரிந்தன. எஞ்சின் காதுக்குள் அலறிக்கொண்டிருந்தது. நிறுத்துங்கள், இறங்கிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. யாரைக் கூப்பிட என்று கேட்பார்.

மேடு முடிகிற இடத்தில் ஒற்றைக் கூடாரம் ஒன்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அங்கே மனிதர்கள் இருந்தார்கள், கேட்டுவிடலாம். வண்டியை நிறுத்துவதற்கு முன் மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறந்து கண்டதையும் சொல்லாத. அந்நிய வீட்டு வாசல்ல நின்னு சொல்ற வார்த்த பலிச்சிரும்."

கும்பிட்டுக் கேட்கிற குரலில் சொன்னார். அதனால் தலையாட்டித் தொலைத்தேன்.

"நாயப் பிடிங்கோ!" என்று மச்சான் குரல் கொடுக்க, ஒரு பெண் வெளியே வந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஹாண்டா என்று பெயர் சொன்னாள். உள்ளே உட்கார்ந்தோம். அடுப்பில் டீ கொதித்தது.

"இளவேனில் சுகமா போகுதா?" என்றார் மச்சான்.

"சுகமா போகுது. உங்களுக்கு?"

"சுகந்தான். ஆடு மாடெல்லாம் தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு. பயணம் நல்லபடியா?"

"ரொம்ப நல்லபடியா. வீட்டுக்காரரு?"

"சோட்னோமா? குதிரைய எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்காரு. நல்லா இருக்காரு."

எல்லோரும் நன்றாக இருந்தார்கள். உலகத்தில் ஒரு குறையும் இல்லை. நான் என் அங்கியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒட்டகம் ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா? இடது காது வெட்டுப்பட்டிருக்கும். நிறைசினை."

"ஒட்டகம் எதுவும் பாக்கலியே," என்றாள் ஹாண்டா. "வேற எதும் தேடுறீங்களா?"

அந்தக் கேள்வி நேராக எனக்கு வந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். மச்சான் முந்திக்கொண்டார்.

"வேற ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லாருக்கோம். ஒட்டகந்தான்."

அவள் டீயை ஊற்றிக் கொடுத்தாள். மச்சான் உதட்டை நனைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருக்கும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. உட்கார முடியவில்லை. "இன்னொரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்களேன். வந்தவங்க இப்பிடியா எழுந்திருக்கிறது?" என்று ஹாண்டா வாசல்வரை வந்தாள். வண்டி கிளம்பிய பிறகும் நாயின் கழுத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

அதற்கப்புறம் உள்ள தூரம் சுத்த நரகம். காற்றடித்து அடுக்கடுக்காகத் திரண்ட தரையில் வண்டி பல்லெல்லாம் ஆடக் குலுங்கியது. கிணற்றுக்கு முன்னால் மணலில் பின்சக்கரங்கள் புதைந்தன. மச்சான் டயரில் காற்றைக் குறைத்தார். நான் கையாலேயே மணலைப் பறித்தேன். பலகைகளைக் கொடுத்து ஏற்றினோம், மறுபடி புதைந்தது, மறுபடி பறித்தோம். நகம் பிய்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அங்கே போனால் பாசன் கன்றை மடியில் போட்டுக்கொண்டு இளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை விடாமல் திட்டித் தீர்க்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன்.

உலான் கிணற்றில் ஒட்டகம் நின்றது. காலடியில் கன்று. தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது. பாசன் இல்லை.

மச்சான் கன்றின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். "பொட்டக் கன்னு. நல்ல சகுனம்."

நான் கன்றின் முதுகைப் பார்த்தேன். வெறும் முதுகு. இளவேனில் காற்றில் பிறந்த கன்றைப் பாசன் அப்படி விட்டிருக்கவே மாட்டார். ஒன்றும் இல்லாவிட்டால் தன் அங்கியையாவது கழற்றிக் கட்டியிருப்பார். கிணற்றைச் சுற்றிலும் ஒரு பூட்ஸ் அடி கிடையாது, தொட்டியில் தண்ணீர் இறைத்த ஈரம் கிடையாது.

"மச்சான், அவரு இங்க வரவே இல்ல."

"அடுத்த கிணத்துப் பக்கம் போயிருப்பான். போய்ப் பாப்போம்."

"ஒட்டகம் இங்க நிக்கிறப்ப அடுத்த கிணத்துக்கு எதுக்குப் போறாரு? நீச்சலடிக்கவா? வழியில எங்கயோ விழுந்து கெடக்குறாரு மச்சான்! திருப்புங்க வண்டிய!"

"வாய மூடு டுல்மா!"

"மூட மாட்டேன். காலையிலேர்ந்து மூடிக்கிட்டு வந்து என்னத்தக் கண்டோம்? அந்தப் பொம்பள வேற எதும் தேடுறீங்களான்னு கேட்டா. யாராச்சும் சும்மா கேப்பாங்களா அப்பிடி?"

சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்க வரவில்லை. நான் ஓடிப்போய் ஓட்டுகிறவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. நான் ஓட்டியதெல்லாம் எங்கள் ஊர் லாரியைத்தான், அதுவும் வைக்கோல் ஏற்றும்போது. சாவி அதிலேயே இருந்தது. மச்சான் ஓடிவந்து ஏறாவிட்டால் அவரை ஒட்டகத்தோடு விட்டுவிட்டே போயிருப்பேன்.

வந்த தடத்திலேயே திருப்பி ஓட்டினேன். மணலில் நிறுத்தினால் புதையும் என்று தெரியும், அதனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங் நான் சொன்னதைத் தாமதமாகக் கேட்டது. ஒரு பள்ளத்தில் நாங்கள் இருவரும் கூரையில் இடித்துக்கொண்டோம். மச்சானின் உதடு முணுமுணுவென்று எதையோ ஜபித்துக்கொண்டு வந்தது. ஒரு இரவும் முக்கால் பகலும் போய்விட்டது. தண்ணீர் வைத்திருந்தாரா? அடிபட்டிருந்தால்? இந்த நேரத்துக்கெல்லாம் நரி வருமே? நான் சத்தமாகவே கேட்டுக்கொண்டு வந்தேன். மச்சானுக்குக் கேட்டிருக்கும்.

கூடாரத்தின் முன் நாய் பாய்ந்து வந்தது. நாயைப் பிடி என்று நான் கூப்பிடவில்லை, சுகம் விசாரிக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"அக்கா! என் புருசன் நேத்துலேர்ந்து காணோம்! உசுரோட இருக்காரா செத்துட்டாரான்னு தெரியல. மோட்டார் சைக்கிள்ல வந்தாரு. எதாச்சும் தெரியுமா?"

பக்கத்தில் மச்சான் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஹாண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கூடாரத்தின் பின்பக்கம் ஓடினாள். நானும் இறங்கி ஓடினேன். அங்கே கம்பளிப் பாய் போர்த்தி ஒன்று கிடந்தது. என் கால் நின்றுவிட்டது. அவள் பாயை இழுத்தாள். பாசனின் மோட்டார் சைக்கிள். கைப்பிடி வளைந்திருந்தது.

"காலையில ஆடு ஓட்டிப் போனப்ப ஆத்துக்குள்ள கெடந்துச்சு. ஆளக் காணோம். சோட்னோம் அப்பவே குதிரைய எடுத்துக்கிட்டுத் தேடப் போயிட்டாரு. இன்னும் வரல," என்றாள். அழுதுகொண்டே என் தோளில் ஒரு அடி அடித்தாள். "ஏன் தங்கச்சி சொல்லல? மனுசனத் தேடி வந்தவங்க ஒட்டகத்தக் கேப்பாங்களா?"

"நீங்க ஏன்கா சொல்லல?"

"பயணம் போறவங்ககிட்ட ஆளில்லாத வண்டியப் பத்தி எப்பிடிச் சொல்றது? எடுத்த எடுப்புல சொல்ற சேதியா அது? ரெண்டாவது கிண்ணம் ஊத்திட்டு மெதுவா ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். அவரு முதக் கிண்ணத்துலயே எழுந்துட்டாரு. உன் மூஞ்சியப் பாத்தா சந்தேகமாத்தான் இருந்துச்சு. எல்லாரும் நல்லாருக்கோம்னு அவரு அடிச்சுச் சொல்லும்போது, இல்லன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

மச்சான் மோட்டார் சைக்கிளின் முன் நின்றார். தொடவில்லை.

எந்த இடம் என்று ஹாண்டா கை காட்டினாள். பாசனைத் தேடாமல் நாங்கள் மேலாகச் சுற்றிப் போன அதே ஆறு. கரை சரிந்து சாய்ந்திருந்த ஓர் இடத்தில் வண்டியை இறக்கினேன். ஒரு பக்கச் சக்கரம் காற்றில் தொங்கியது. மச்சான் கதவைத் திறந்துகொண்டு தன் உடம்பை வெளியே சாய்த்து எடை கொடுத்தார். கல்லும் மணலும் சறுக்க, வண்டி தானாகவே பாதி தூரம் போய் நின்றது. ஆற்றுக்குள் உருட்டுக்கற்கள். முதல் கியரில் ஊர்ந்தோம். வளைவுக்கு வளைவு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஒரு திருப்பத்தில் புகை தெரிந்தது. சேணம் போட்ட குதிரை ஒன்று நின்றது. ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

புயல் தடத்தையெல்லாம் அழித்திருந்ததால் வேறு பக்கமெல்லாம் தேடிவிட்டு, சோட்னோம் அப்போதுதான் கண்டுபிடித்து நெருப்பு மூட்டியிருந்தான். இடிந்த கரையின் அடியில், சாக் புதர்களுக்கு நடுவில் பாசன் கிடந்தார். முகமெல்லாம் மண். உதடு வெடித்திருந்தது. வலது கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. புயலில் கண் தெரியாமல் விழுந்து, வண்டியை விட்டுவிட்டு ஒதுங்கத் தவழ்ந்திருக்கிறார். கைக்கெட்டிய குச்சிகளை எரித்து இரவைக் கழித்திருக்கிறார். எட்டுகிற குச்சி தீர்ந்ததும் நெருப்பும் தீர்ந்திருக்கிறது.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் அடுக்கிவைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

இரண்டு மூன்று வாய் இறங்கிய பிறகு, காற்றாகிப்போன குரலில் அவர் பேசினார். என்னிடம் அல்ல.

"காலைல வண்டிச் சத்தம் கேட்டுச்சுண்ணே. மேட்டு மேல. நம்ம வண்டிதான்னு தெரிஞ்சுது. வேற எந்த வண்டி அப்பிடி முனகும்? கத்துனேன். தொண்டையில ஒண்ணும் இல்ல. நின்னு ஒரு தடவ கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். போயிட்டீங்களேண்ணே."

மச்சான் அப்படியே கல்லில் உட்கார்ந்தார்.

"அந்தக் கூடாரத்துல நிறுத்துனேன்டா," என்றார். "ஒட்டகத்தப் பத்திக் கேட்டேன்."

"ஒட்டகத்தப் பத்தியா?"

"உன்னப் பத்திக் கேட்டா செத்துட்டான்னு சொல்லிருவாங்களோன்னு இருந்துச்சு." "எனக்கு நேத்தே தெரியும்டா. புயல் அடிக்கும்போதே தெரியும். நீ செத்துட்டன்னு நெனச்சேன். செத்துக் கெடப்பன்னு நெனச்சுத்தான் கட்டில் பலகையக் கழட்டிட்டு வந்தேன். செத்துப்போனவனப் பாக்க எனக்குத் தெம்பு இல்லடா, அதான் கேக்கல. அதான் ஆத்துப் பக்கமே எறங்கல."

எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. சோட்னோம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குதிரையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். மச்சான் அழுதுகொண்டே எழுந்துபோய்ப் பலகையைக் கொண்டுவந்தார். பாசனை அதில் கிடத்திக் கயிற்றால் கட்டினோம். சோட்னோம் கால்பக்கம் பிடித்தான், மச்சான் தலைப்பக்கம்.

"செத்துட்டன்னு நெனச்சேன்டா," என்றார் மச்சான் தூக்கும்போது. கற்களுக்கு மேல் தடுமாறி நடக்கும்போதும் அதையேதான் சொன்னார். "செத்தே போயிட்டன்னு நெனச்சேன்டா."

"சாகலண்ணே," என்றார் பாசன். "பாத்து நடங்க. கீழ போட்டுறாதீங்க."

மச்சான் நிறுத்தவில்லை. வண்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார், நானும் அவரைத் தடுக்கவில்லை.